பிளேட் மட்டும்தான் எல்எஸ்டியா?

சின்னக் காருக்கு எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) போடும் பேச்சு லூமுட், சித்தியவான், ஆயர் தாவார் பக்கத்துப் பட்டறைகளில் எழுந்தால், தீர்ப்பு பெரும்பாலும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். கம்பெனி காரோடு சேர்த்துக் கொடுக்கும் எல்எஸ்டி பெயருக்குத்தான். கஸ்கோ, காஸ், ஓஎஸ் கிகென் என்று பெட்டியில் தனியாக வரும் பிளேட் எல்எஸ்டிதான் அசல் என்பது அந்தத் தீர்ப்பு. ஹாஃப் கட் கடையில் ஹோண்டா டைப் ஆர் கியர் பாக்ஸ் வாங்கியவர்கூட, உள்ளே இருக்கும் எல்எஸ்டியைக் கழற்றி விற்றுவிட்டுப் பிளேட்டுக்கு மாறுவதை ஒரு பதவி உயர்வாகவே நினைக்கிறார். வார நாளில் வேலைக்கும் சந்தைக்கும் ஓடி, விடுமுறையில் ஈப்போ வழியாகக் கேமரன் மலை ஏறும் முன்சக்கரக் காருக்கு இந்தத் தீர்ப்பு தவறு. தவறு சிறியதும் அல்ல. அது ஒரு நல்ல கியர் பாக்ஸைக் கெடுத்து, மழையில் காரை நேராக ஓட வைத்துவிடக்கூடியது.

அடிப்படையிலிருந்து பார்க்கலாம். கார் வளையும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட நீண்ட தூரம் உருள வேண்டும். அதற்கு இடம் கொடுப்பது டிஃபரன்ஷியல். சாதா டிஃபரன்ஷியலுக்கு ஒரு குணம் உண்டு: இரண்டு சக்கரத்துக்கும் அது எப்போதும் சம முறுக்குவிசையையே கொடுக்கும். எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைவோ, அதனால் தாங்க முடிந்த அளவுதான் மற்றதற்கும் கிடைக்கும். வளைவில் உடல் சாய்ந்து உள்சக்கரத்தின் பாரம் குறைந்ததும், அது வீணாகச் சுழலும். வெளிச்சக்கரம் பிடிப்பு இருந்தும் சும்மா இருக்கும். இந்தச் சமப்பங்கை உடைத்து, பிடிப்புள்ள பக்கத்துக்குக் கூடுதலாக அனுப்புவதே எல்எஸ்டியின் வேலை.

அந்த வேலையைச் செய்ய வெவ்வேறு அமைப்புகள் இருக்கின்றன. சண்டை இங்கேதான் தடம் புரள்கிறது, ஏனென்றால் ‘கம்பெனி எல்எஸ்டி’ என்று ஒரே பொருள் இல்லை. பழைய ஜப்பானியக் கார்களில் வந்த ஒரு வகை, சிலிக்கோன் திரவத்தில் தட்டுகள் சுழலும் விஸ்கஸ் அமைப்பு. இரண்டு சக்கரங்களின் வேகம் வேறுபட்ட பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். வயதாக ஆக அந்தத் திரவத்தின் வலு குறையும். அதைப் பற்றிப் பட்டறைகள் சொல்லும் குறை நியாயமானது. மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்குத் தொடக்கத்தில் விஸ்கஸ் கொடுத்த மாஸ்டாவே, 1.8 லிட்டர் எஞ்சின் வந்த காலத்தில் டார்சன் பல்சக்கர அமைப்புக்கு மாறிவிட்டது. கம்பெனி எல்எஸ்டி என்றாலே மட்டம் என்ற பேச்சின் வேர் இந்த விஸ்கஸ் காலத்து அனுபவமாகத்தான் இருக்க வேண்டும். அந்த அனுபவத்தை டைப் ஆர் கியர் பாக்ஸின் மேல் ஏற்றுவதுதான் பிழை.

டைப் ஆர் கார்களில் இருப்பது ஹெலிக்கல், அதாவது சாய்பல் பல்சக்கர அமைப்பு. 1995-இல் வந்த இன்டெக்ரா டைப் ஆர், 1997-இல் வந்த 1.6 லிட்டர், 185 குதிரைத்திறன் கொண்ட சிவிக் டைப் ஆர் (இகே9), 2007-இல் மலேசியாவில் ஹோண்டாவே விற்ற எஃப்டி2 எல்லாவற்றிலும் இதே வகை. உள்ளே உராய்வுத் தட்டுகள் கிடையாது. முறுக்குவிசை ஏறும்போது சாய்பற்கள் பல்சக்கரங்களைப் பக்கவாட்டிலும் வெளிப்புறமும் தள்ளி உறைமேல் அழுத்துகின்றன. அந்த உராய்வே பங்கீட்டை மாற்றுகிறது. வேக வித்தியாசம் தோன்றும்வரை அது காத்திருப்பதில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இறுகும், விட்டால் தளரும். இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை அமெரிக்கர் வெர்னான் கிளீஸ்மன் 1958-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. டார்சன் என்று உலகம் அறிந்தது அதைத்தான்.

பிளேட் எல்எஸ்டி வேறு மாதிரி. கிளட்ச் போன்ற உராய்வுத் தட்டுகள் அடுக்காக இருக்கும். ஒன்றுவிட்டு ஒன்று உறையோடும் பக்கப் பல்சக்கரத்தோடும் பிணைந்திருக்கும். முறுக்குவிசை வரும்போது சாய்வுத் தடங்கள் வழியாக அழுத்த வளையம் விலகி அடுக்கை இறுக்கும். அது தவிர, வில் தட்டுகள் கொடுக்கும் ஒரு நிரந்தர முன்னிறுக்கமும் உண்டு. காரை வெறுமனே தள்ளினாலும் அந்த இறுக்கம் இருக்கும்.

பிளேட் பக்கத்தின் பெரிய சாட்சி ஜாக்கி சோதனை. ஒரு முன்சக்கரத்தைத் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, அந்தச் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்ப்பார்கள். பிளேட் அசையாது. ஹெலிக்கல் லேசாகச் சுழன்றுவிடும். “பார், செத்துப்போன எல்எஸ்டி” என்று அங்கேயே சாவுச் சான்றிதழ் எழுதிவிடுவார்கள். ஆனால் அந்தச் சோதனை அளப்பது முன்னிறுக்கத்தை மட்டும். ஹெலிக்கல் அமைப்பு பெருக்கல் கணக்கில் இயங்குவது: பிடிப்பு குறைந்த சக்கரம் எவ்வளவு தாங்குகிறதோ, அதைப்போல் இரண்டரை மடங்கு என்ற அளவில் மற்றதற்கு அனுப்பும். அந்தரத்தில் தொங்கும் சக்கரம் தாங்குவது பூஜ்யம். பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். தரையில் இருக்கும் காரைப் பற்றி இந்த விடை எதையும் சொல்வதில்லை.

சக்கரம் உண்மையிலேயே அந்தரத்தில் தொங்கினால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் பழைய பதில் இருக்கிறது. அமெரிக்கப் படையின் ஹம்வீ வண்டிகளில் டார்சன் அமைப்பே இருந்தது. சக்கரம் தூக்கினால் ஆக்சிலரேட்டரோடு பிரேக்கையும் லேசாக மிதிக்க அதன் ஓட்டுநர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிரேக் கொடுக்கும் தடையே பெருக்குவதற்கு ஓர் எண்ணைத் தந்துவிடுகிறது. தவிர, பின்பக்க ஆன்டி-ரோல் பாரைத் தடிமனாக்கிய முன்சக்கரக் கார் கடும் வளைவில் தூக்குவது பின்பக்க உள்சக்கரத்தை. முன்சக்கரம் பாரம் குறைந்து நிற்கும். தரையை விட்டுப் போவது அபூர்வம். பட்டறைத் தரையில் தொங்கவிட்டுப் பார்ப்பது கேமரன் சாலையில் நடக்காத ஒன்றைத்தான்.

இப்போது எண்களை வைத்துப் பார்க்கலாம். மைவி அளவுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்ளலாம்: எடை 1000 கிலோ, முன்பக்கம் 600. கடும் வளைவில் உள்சக்கரத்தில் 150 கிலோவும் வெளிச்சக்கரத்தில் 450 கிலோவும் நிற்பதாகக் கொள்ளலாம். சக்கர ஆரம் 0.29 மீட்டர், உலர்ந்த சாலையின் உராய்வு 0.8. பக்கவாட்டுப் பிடிப்புக்குப் போகும் பங்கை இப்போதைக்கு ஒதுக்கிவைத்தால், உள்சக்கரம் ஏறக்குறைய 340 நியூட்டன் மீட்டரும் வெளிச்சக்கரம் 1020-ம் தாங்கும். 1.5 லிட்டர் எஞ்சினின் முறுக்குவிசை சுமார் 137. இரண்டாம் கியரில் மொத்த விகிதம் 7.5 என்றால் அச்சுக்கு வருவது சுமார் 1030. சாதா டிஃபரன்ஷியல் இதில் 680-ஐ மட்டுமே சாலைக்குக் கொடுக்கும், மீதி புகை. இரண்டரை மடங்கு ஹெலிக்கல் அமைப்பால் 340-ம் 850-ம் சேர்ந்து 1190 வரை கொடுக்க முடியும். எஞ்சினிடம் இருப்பதே அதைவிடக் குறைவு. ஆக, பிளேட் இதற்கு மேல் எவ்வளவு இறுகினாலும், அந்த இறுக்கத்தால் முன்னே தள்ளுவதற்கு விசையே மிச்சம் இல்லை.

மழை பெய்தால் கணக்கு இன்னும் கறாராகப் பேசும். உராய்வு 0.5-க்கு இறங்கினால் உள்சக்கரம் தாங்குவது 213, வெளிச்சக்கரம் 640. ஹெலிக்கலில் முழு ஆக்சிலரேட்டரில் உள்சக்கரம் வழுக்கத் தொடங்கும். ஆனால் வெளிச்சக்கரத்துக்குப் போவது சுமார் 530தான். அதன் பிடிப்பு முழுவதும் தீர்ந்துவிடவில்லை. மீதியைக் கொண்டு கார் வளைகிறது, உள்சக்கரத்தின் சத்தம் ஓட்டுநரை எச்சரிக்கிறது. நன்றாக இறுகிய பிளேட்டில் உள்சக்கரத்துக்கு 213 போக, மிச்சம் 800-க்கும் மேல் வெளிச்சக்கரத்தின் தலையில் விழும். அதனால் தாங்க முடியாது. இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றாக வழுக்கும். முன்சக்கரக் காரில் திருப்புவதும் அதே சக்கரங்கள்தான் என்பதால், ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்தாலும் கார் நேராகப் போகும். சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா ஏறும் சாலையில், பிற்பகல் மழையில், ‘நேராக’ என்றால் எங்கே என்று அந்தப் பாதையில் போனவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதிக இறுக்கம் என்றால் அதிகப் பிடிப்பு என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது தாளில் போட்டுப் பார்க்கலாம்.

“பந்தயக்காரர்கள் எல்லாரும் பிளேட்தானே போடுகிறார்கள்?” என்பது அடுத்த கேள்வி. பிளேட்டுக்கு இந்த வட்டாரத்தில் இருக்கும் மரியாதையில் பெரும்பங்கு ஜப்பானிய டிரிஃப்ட் படங்களிலிருந்து வந்தது. டிரிஃப்ட் ஓட்டிய டொயோட்டா ஏஇ86-ம் நிசான் சில்வியாவும் பின்சக்கரக் கார்கள். பின்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு ஒன்றாக வழுக்க வேண்டும் என்பதே அங்கே தேவை. முன்சக்கரக் காரில் அதுவேதான் ஆபத்து. இன்னொரு வேறுபாடு அடிக்கடி மறக்கப்படுகிறது. பின்சக்கரக் காரில் டிஃபரன்ஷியல் தனிப் பெட்டியில், தனி எண்ணெயில் மிதக்கிறது. அங்கே தட்டு தேய்ந்து தூள் கொட்டினாலும் அந்தப் பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடும். வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றினால் சரி.

சிவிக், சத்ரியா, மைவி போன்ற கார்களில் கியரும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள், ஒரே எண்ணெயில் இருக்கின்றன. தட்டுகளிலிருந்து உதிரும் உலோகத் தூள் பேரிங், சின்க்ரோ எல்லாவற்றையும் சுற்றிவருகிறது. தட்டு அதிராமல், கத்தாமல் இருக்க உராய்வு மாற்றி சேர்த்த, ஜிஎல்-5 தரத்துத் தடித்த எண்ணெய் கேட்கப்படுகிறது. சின்க்ரோ வளையமோ உராய்வால் வேலை செய்வது. வழுக்கும் எண்ணெயில் அது பல்சக்கரத்தை நிறுத்திப் பிடிக்கத் தடுமாறும். அந்த எண்ணெயின் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானங்கள் பித்தளை வளையங்களுக்கு ஒத்துவராமலும் போகலாம். ஆறு மாதத்தில் மூன்றாம் கியர் கரகரவென்று விழத் தொடங்கினால், பழி போமன் மேல் போகிறது அல்லது “ஹோண்டா கியர் பாக்ஸே இப்படித்தான்” என்று முடிகிறது. எல்எஸ்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோர் குறைவு.

பந்தயக் குழு இதை ஒரு பிரச்சினையாகவே நினைக்காது. அவர்களுக்குப் பந்தயத்துக்குப் பந்தயம் எண்ணெய் மாறும், பருவத்துக்கு ஒருமுறை கியர் பாக்ஸ் பிரியும், தட்டு மாறும். பிளேட் எல்எஸ்டி தேயும் பொருள். புதிதாகப் போட்டதும் எட்டு வடிவத்தில் மெதுவாகச் சுற்றிப் பழக்கி, எண்ணெயை உடனே வடித்து, பிறகும் குறுகிய இடைவெளியில் மாற்ற வேண்டும். தேய்ந்தால் திறந்து புதுத் தட்டோ தடித்த தட்டோ போட வேண்டும். லூமுட் கடற்படைத் தளத்துக்கோ ஸ்ரீ மஞ்சோங் அலுவலகத்துக்கோ தினமும் ஓடும் காரின் சொந்தக்காரர் இதற்கெல்லாம் கணக்குப் போட்டுத்தான் வாங்குகிறாரா? பெட்டியின் விலை மட்டும் பேசப்படுகிறது. கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றும் கூலி, டிஃபரன்ஷியல் பேரிங், ஷிம், சீல், மறுபடியும் தட்டு மாற்ற மறுபடியும் அதே கூலி என்று வெள்ளி கரையும் இடங்கள் பேச்சில் வருவதில்லை. ஹெலிக்கலுக்கு கியர் பாக்ஸின் வழக்கமான எண்ணெய் போதும்; தேய்வதற்குத் தட்டு இல்லை.

‘பிளேட்டை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்’ என்பதும் ஒரு வாதம். உண்மைதான்: சாய்வுத் தடத்தின் கோணத்தைப் பொறுத்து ஒன்-வே ஆக்சிலரேட்டரில் மட்டும் இறுகும், டூ-வே வேகம் குறைக்கும்போதும் இறுகும், ஒன்றரை இடைப்பட்டது, முன்னிறுக்கமும் கூட்டிக் குறைக்கலாம். மாற்ற முடிவது வசதியாவது, மாற்றிப் பார்க்க ஒரு சுற்றுப்பாதையும் கடிகாரமும் திரும்பத் திரும்பப் பிரிக்க நேரமும் இருப்பவருக்கு. மற்றவருக்கு அது கடைக்காரர் அனுப்பியபடி ஒரேயொரு நிலையில்தான் காலம் தள்ளும். தவறான நிலையில் வந்த டூ-வே முன்சக்கரக் காரில் பிரேக் மிதிக்கும்போது இரு சக்கரங்களையும் பிணைத்து ஏபிஎஸ்-ஐயும் குழப்பும். முன்னிறுக்கம் கூடியது சித்தியவான் சந்தைப் பக்கம் காரை நிறுத்தத் திருப்பும்போதே கடக் கடக் என்று சொல்லிக்காட்டும். சிலருக்கு அந்தச் சத்தம்தான் பெருமை. அதற்கு மருந்து இல்லை.

இவ்வளவும் சொல்லி, கம்பெனிப் பொருளே தெய்வம் என்ற எதிர்க்கட்சிக்கு வாக்குக் கேட்பதாக நினைக்க வேண்டாம். கம்பெனிக்கும் வெளிச்சந்தைக்கும் இடையில் போடப்படும் கோடே அசலானது அல்ல. இங்கிலாந்தின் குவைஃப் நிறுவனம் வெளிச்சந்தையில் விற்கும் ஹெலிக்கல் வகைதான் 2002-இன் ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ் காருக்குள் கம்பெனிப் பொருளாகவே வந்தது. டிஆர்டி என்ற டொயோட்டாவின் சொந்தப் பெயரிலேயே பிளேட் எல்எஸ்டி விற்கப்பட்டிருக்கிறது. ஒரே பெயரில் கம்பெனியே இரண்டு முடிவு எடுத்ததும் உண்டு: 2007-இல் ஜப்பானிய எஃப்டி2-வுக்கு எல்எஸ்டி கொடுத்த ஹோண்டா, அதே ஆண்டு ஐரோப்பாவில் விற்ற சிவிக் டைப் ஆருக்குக் கொடுக்கவில்லை, அங்கே 2009-இன் சாம்பியன்ஷிப் ஒயிட் பதிப்பில்தான் அது வந்து சேர்ந்தது. எனவே கேட்க வேண்டியது ‘யார் விற்றது’ என்பதை அல்ல. உள்ளே என்ன அமைப்பு, எந்த எண்ணெய், யார் காலம் முழுக்கப் பார்த்துக்கொள்ளப்போகிறார் என்பதை. கம்பெனி ஹெலிக்கல் கிடைக்காத கியர் பாக்ஸுக்கு வெளிச்சந்தை ஹெலிக்கல் வாங்குவது முழுக்கச் சரியான தேர்வு.

பிளேட்டுக்கு உரிய இடமும் உண்டு. செப்பாங்கில் ஸ்லிக் டயரோடு, கெர்ப் ஏறி உள்சக்கரத்தைத் தூக்கி ஓட்டும் காருக்கும், மண்சாலை ரேலியில் பள்ளத்துக்குப் பள்ளம் சக்கரம் அந்தரமாகும் காருக்கும் ஹெலிக்கலின் பூஜ்யம் நிஜமாகவே பூஜ்யம். அங்கே பிளேட் போட்டு, அதன் செலவை ஏற்பதே முறை. அந்தக் காரை மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகச் சொல்லாத வரை சண்டை எதுவும் இல்லை.

எல்எஸ்டியே தேவைப்படாத கார்களும் ஏராளம். மைவி, சாகா, ஆக்சியா எதற்கும் கம்பெனி எல்எஸ்டி கிடையாது; அது கஞ்சத்தனம் அல்ல. மேலே போட்ட கணக்கில் இரண்டாம் கியர், முழு ஆக்சிலரேட்டர், கடும் வளைவு மூன்றும் ஒன்றாக வந்தபோதுதான் சாதா டிஃபரன்ஷியல் தோற்றது. ஈப்போவிலிருந்து லூமுட் வரை சுமார் 84 கிலோமீட்டர். பூசிங், ஸ்ரீ இஸ்கண்டார், போத்தா வழியாக வரும் அந்தச் சாலையில் மூன்றும் ஒன்றாக வரும் இடம் தேடினாலும் கிடைக்காது. அந்தப் பணத்தை நல்ல டயருக்கும் அலைன்மெண்டுக்கும் கொடுத்தால் ஈரச் சாலையில் நான்கு சக்கரத்துக்கும் பயன். வழுக்கும் சக்கரத்துக்குப் பிரேக் போட்டுச் சமாளிக்கும் மின்னணு அமைப்புகளைச் சில விற்பனைத் தாள்கள் எல்எஸ்டி என்று சொல்லிக்கொள்கின்றன. அவசரத்துக்கு அவை உதவும். மலைச் சாலையில் தொடர்ந்து வேலை வாங்கினால் பிரேக் சூடாகும். கம்பெனி எல்எஸ்டி பற்றிய ஏளனத்துக்கு இந்த விளம்பரங்களும் எண்ணெய் ஊற்றியிருக்கின்றன.

ஹாஃப் கட் கியர் பாக்ஸ் வாங்கும் இடத்தில் கம்பெனி எல்எஸ்டி ஆதரவாளருக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. இகே9 உற்பத்தி 2000-இல் நின்றுவிட்டது. அதன் எந்தக் கியர் பாக்ஸும் இன்று கால் நூற்றாண்டைத் தாண்டியது. உறைமேல் இருக்கும் குறியீட்டைப் பார்த்து, உள்ளே எல்எஸ்டி இருக்கும் என்று நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. இடையில் யாராவது கழற்றி விற்றிருக்கலாம், பிளேட்டை உயர்த்திப் பேசும் ஊரில் அதற்கு வாய்ப்பு அதிகம். டிரைவ் ஷாஃப்ட் நுழையும் துளை வழியே விளக்கடித்துப் பார்த்தால் போதும்: சாதா டிஃபரன்ஷியலில் நடுவே குறுக்காக ஒரு பின் தெரியும்; ஹோண்டாவின் ஹெலிக்கலில் மறுபக்கத் துளைவரை பார்வை தடையில்லாமல் போகும். வடியும் எண்ணெயில் உலோகச் செதில்கள் மின்னினால் பேரிங் போயிருக்கலாம். வேறு கூட்டுக்கு எல்எஸ்டியை மாற்றும் போமனிடம், ஹோண்டா பி-வகை கியர் பாக்ஸில் பெரிய பல்சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்டுகள் இடமரை என்பதை நினைவூட்டுவதும் நல்லது. தெரியாமல் வலுவாக முறுக்கித் தலை உடைத்தால் செலவு இரட்டிப்பு. விளக்கடித்துப் பார்க்கவும் எண்ணெய் வடித்துப் பார்க்கவும் விடாத கடையில், என்ன விலை சொன்னாலும், வாங்காதீர்கள்.